கைபேசிக்குள் ஒரு கணினி: எங்கே சறுக்குகிறோம்?

தங்கச்சிமடத்தில் இறால் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் என் அக்கா மகன், போன கோடையில் தன் ஆண்ட்ராய்டு கைபேசியில் விண்டோஸ் எக்ஸ்பி என்ற பழைய கணினி இயங்குதளத்தை ஏற்றினான். பழைய கணக்கு மென்பொருளைக் கையோடு வைத்துக்கொள்ளும் ஆசை. எக்ஸ்பியின் அந்தப் பச்சைப் புல்வெளி திரையில் வருவதற்குள் இரண்டு டீ குடித்துவிட்டோம். "போன் பழசாகிவிட்டது, மாமா" என்றான்.

போனில் குறையில்லை. கைபேசியின் பிராசசர் ஏஆர்எம் வகை. எக்ஸ்பி எழுதப்பட்டதோ மேசைக்கணினிகளில் இருக்கும் எக்ஸ்86 வகைக்கு. கைபேசிக்குள் வேறொரு கணினியாக நடிக்கும் கியூஇஎம்யூ என்ற மென்பொருள் (ஆண்ட்ராய்டின் லிம்போ செயலிக்குள் இருப்பதும் அதுதான்) ஒவ்வொரு கட்டளையையும் மொழிபெயர்த்தே ஓட்டுகிறது. ராமேசுவரத்தில் வடக்கத்தி யாத்திரிகருக்கு வழிகாட்டி சொல்லுக்குச் சொல் இந்தியில் சொல்வதைப் போல. எக்ஸ்பிக்குப் பதில் ஏஆர்எம் வகைக்கே எழுதிய லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டாலும், பிராசசரின் மெய்நிகராக்க வசதி (கணினிக்குள் கணினியை மொழிபெயர்க்காமலே ஓட்ட உதவுவது) திறந்திருக்காவிட்டால் இந்த மொழிபெயர்ப்பு தொடரும். அந்த வசதியோடு ஓடுவது, 2025 மார்ச்சில் கூகுளின் பிக்சல் கைபேசிகளுக்கு வந்த லினக்ஸ் டெர்மினல். வெறும் லினக்ஸ் கருவிகள் போதுமென்றால் இப்படி உள்ளே நடிக்கும் மெய்நிகர் கணினியே வேண்டாம்; டெர்மக்ஸ் செயலியில் புரூட் என்ற கருவி வழியாக டெபியன் என்ற லினக்ஸ் வகையை நேரடியாக ஓட்டலாம்.

அடுத்தது பேராசை. 4 ஜிபி நினைவகத்தில் 3 ஜிபியை எக்ஸ்பிக்குத் தூக்கிக் கொடுத்திருந்தான். எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் சொன்ன குறைந்தபட்சமே 64 எம்பிதான், 512 தாராளம். நினைவகம் இறுகினால் ஆண்ட்ராய்டு தயவு பார்க்காமல் செயலியைக் கொன்றுவிடும். மின்கம்பியைப் பிடுங்கியதற்குச் சமம் அது. அப்படி ஒரு மாலையில், உள்ளிருக்கும் கணினிக்கு வன்தட்டாக இருக்கும் வட்டுக் கோப்பு கெட்டு, ஒரு வாரத்து இறால் கணக்கு போனது. உள்ளிருக்கும் கணினியை முறையாக அணைத்துவிட்டு, அந்தக் கோப்பை வேறிடத்தில் நகலெடுத்து வைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த நகலை நம்பக் கூடாது.

விடுதி வைஃபையில் கடவுச்சொல் இல்லாமல் விஎன்சியை (உள்ளிருக்கும் கணினியின் திரையை இன்னொரு கருவியிலிருந்தும் பார்த்து இயக்கும் வழி) திறந்து வைப்பவர்களும் உண்டு. அந்தக் கைபேசியையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரியோடு நிறுத்திக்கொண்டால் வெளியாள் எட்டிப்பார்க்க முடியாது.

கொடுமை கடைசியில்தான். சார்ஜரில் மாட்டியபடியே மணிக்கணக்கில் ஓட்டி, போன் கொதித்ததும் ஐஸ் பெட்டி மூடியின் மேல் வைத்தான். சூடேறினால் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதை ஓய விட்டிருக்கலாம். நம் கடலோரக் காற்றின் ஈரமோ குளிர்ந்த பொருளில் உடனே வியர்த்துவிடும். சார்ஜர் துளை நனைந்து, பழுது பார்க்கும் கடையில் இரண்டு நாள் கிடந்தது.

எக்ஸ்பியை அவன் இன்னும் அழிக்கவில்லை. அதில் சீட்டாடுகிறான், கணக்கு நோட்டில் இருக்கிறது.