மாஸ்ஃபெட் ரெக்டிஃபையர்: சிமுலேஷனில் ஓடியது மேசையில் ஏன் கொதிக்கிறது?

போன வாரம் ஒரு மாணவர் லேப்டாப்பைத் திருப்பி ஒரு சர்க்யூட்டைக் காட்டினார். பல வருஷம் முன்னால் நான் வரைந்த அதே படம், அதே தவறு. டையோடைத் திருப்பி மாட்டுவது போன்றவற்றை யாரும் சொல்லித்தர வேண்டாம், ஒரு தடவை புகை வந்தால் தெரிந்துவிடும். இது அப்படித் தெரிவதில்லை. ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரில் இப்படிச் சட்டென்று தெரியாத ஐந்து தவறுகள் இங்கே, அந்தப் படத்தில் இருந்தது முதலாவது.

கேட்டை எதிர் ஏசி லைனில் கட்டுவது

ஆசை நியாயமானதுதான். நான்கு டையோடு கொண்ட சாதாரண பிரிட்ஜ் ரெக்டிஃபையரில் எப்போதும் இரண்டு டையோடு வழியாகக் கரண்ட் போகிறது, 3 ஆம்பியரில் கிட்டத்தட்ட 2 வோல்ட் போய்விடும், அதாவது 6 வாட் வெறும் சூடு. அதனால் டையோடுக்குப் பதிலாக, சுவிட்ச் போல ஆன் ஆகும் டிரான்சிஸ்டரான மாஸ்ஃபெட்டை, இரண்டு பி-சேனல், இரண்டு என்-சேனல் என்று போட்டு, ஒவ்வொன்றின் கேட்டையும் (அதை ஆன், ஆஃப் செய்யும் முனை) எதிர்ப்பக்க ஏசி லைனில் கட்டிவிடுகிறோம். லோடாக ஒரு ரெசிஸ்டரை வைத்து எல்டிஸ்பைஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில் ஓட்டினால் அலைவடிவம் அவ்வளவு அழகாக வரும்.

அப்புறம் 10,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் சேர்க்கிறோம், அங்கேதான் எல்லாம் கெடுகிறது. டையோடு கரண்டைத் திரும்ப விடாது. ஆனால் ஆன் ஆன மாஸ்ஃபெட்டுக்குத் திசை கிடையாது, இரண்டு பக்கமும் விடும். ஏசி உச்சத்தைத் தாண்டி இறங்கும்போது கெப்பாசிட்டர் தன் சார்ஜை டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே திருப்பிக் கொட்டுகிறது. கெப்பாசிட்டரின் வோல்டேஜே மாஸ்ஃபெட் வழியாக ஏசி லைனுக்கும், அங்கிருந்து கேட்டுக்கும் போய்ச் சேர்வதால், அந்த வோல்டேஜ் நன்றாக இறங்கும் வரை மாஸ்ஃபெட் அணைவதே இல்லை.

எனக்கு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் லோடே இல்லாமல் உறுமியது, கை வைக்க முடியாத சூடு. நான் டிரான்ஸ்ஃபார்மரைச் சந்தேகப்பட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன், அதுவும் உறுமியது. எட்டு மாஸ்ஃபெட்டும் இரண்டு வாரமும் போன பிறகுதான் சிமுலேஷனில் கெப்பாசிட்டரையும் வைண்டிங் ரெசிஸ்டன்ஸையும் போட்டு, மாஸ்ஃபெட் கரண்டைப் பார்த்தேன். ஒவ்வொரு அரைச் சுற்றிலும் சுழியத்துக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய வரைபடம் அது, இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

டிசி உள்ளீட்டில் போலாரிட்டி மாறாமல் காக்க இதே சர்க்யூட் நன்றாக வேலை செய்யும். ஏசியும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால், ஒவ்வொரு மாஸ்ஃபெட்டின் டிரெய்ன்-சோர்ஸ் வோல்டேஜையும் (கரண்ட் போகும் இரண்டு முனைகளுக்கு இடையே உள்ளது) பார்த்து அணைக்கும் கன்ட்ரோலர் வேண்டும். எல்டி4320 அதற்கென்றே வந்த சிப்: நான்கு என்-சேனல் மாஸ்ஃபெட்டை ஓட்டும், 9 முதல் 72 வோல்ட் வரை. இன்னொன்று, 24 வோல்ட் ஏசியின் உச்சம் 34 வோல்ட். அதில் நேராகக் கட்டிய கேட் பெரும்பாலும் 20 வோல்ட்தான் தாங்கும்.

சராசரி கரண்டை வைத்துச் சூட்டைக் கணக்கிடுவது

டையோடுக்கு அது ஓரளவு சரி. மாஸ்ஃபெட்டுக்கு ஆர்எம்எஸ் (கரண்டின் வர்க்கத்தைச் சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலம்) வேண்டும். கெப்பாசிட்டர் ஃபில்டரில் கரண்ட் குறுகிய துடிப்புகளாக வருவதால் ஆர்எம்எஸ் சராசரியை விட நிறைய அதிகம், அது இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ஆன் ரெசிஸ்டன்ஸும் சூட்டோடு ஏறும், டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் இருப்பது 25 டிகிரிக்கான எண்.

எல்டிஸ்பைஸின் வெறும் ‘டி’ டையோடு மாடல்

அதற்குப் பிரேக்டவுன் (அதிக எதிர் வோல்டேஜில் உடைந்து கரண்டை விடுவது) கிடையாது, ரிவர்ஸ் ரெக்கவரியும் (அணையும்போது சற்று நேரம் எதிர்த்திசையில் விடுவது) கிடையாது. வாங்கப்போகும் பாகத்தின் மாடலைப் போடுங்கள்.

ஷாட்கியைக் குளிர்ச்சியில் மட்டும் சோதிப்பது

ஷாட்கி என்பது வோல்டேஜ் இழப்பு குறைந்த டையோடு. சூடானால் அதன் லீக்கேஜ் (எதிர்த்திசையில் கசியும் கரண்ட்) ஏறும், லீக்கேஜ் இன்னும் சூடாக்கும்.

ஏசி பக்கம் ஒரு புரோப், டிசி பக்கம் ஒரு புரோப்

அலைவடிவத்தைக் காட்டும் சாதாரண ஆசிலோஸ்கோப்பில் இரண்டு புரோப்பின் கிரவுண்ட் கிளிப்பும் உள்ளே ஒன்றுதான். இப்படி மாட்டினால் பிரிட்ஜின் ஒரு கை ஷார்ட் ஆகிவிடும்.