பழைய உருவப்படத்தில் இருப்பவர் யார்?

முகத்தை நம்பித் தொடங்காதீர்கள். ஓவியர்கள் முகத்தை அழகாக்குவார்கள். உடையும் நகையும்தான் உறுதியான சாட்சி. ஐரோப்பியப் படத்தில் சக்கரம் போன்ற மடிப்புக் கழுத்துப்பட்டை இருந்தால் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது 17இன் தொடக்கம். மாவு தூவிய பொய்முடி என்றால் பெரும்பாலும் 18.

அடுத்து பதக்கம். சங்கிலியில் தொங்கும் தங்க ஆட்டுத்தோல், 1430இல் தொடங்கிய, அதே பெயர் கொண்ட ஐரோப்பிய வீரர் குழாமின் சின்னம். அதன் உறுப்பினர் பட்டியல் கிடைப்பதால் தேடல் சட்டென்று சுருங்கிவிடும்.

மூலையில் '1560, ஏட்டாட்டிஸ் சுவே 21' என்று லத்தீனில் இருந்தால், 21ஆம் வயது நடக்கிறது, அதாவது 20 முடிந்தவர் என்று பொருள். பிறந்தது 1539 அல்லது 1540. முடிந்த வயதை எழுதியவர்களும் உண்டு. 1538ஐயும் சேர்த்துத் தேடுங்கள்.

பலர் சறுக்குவது படத்தில் எழுதிய பெயரில்தான். உருப்பெருக்கியால் பாருங்கள்: எழுத்தின் வண்ணம் பழைய விரிசலுக்குள் இறங்கியிருந்தால் அது பின்னாளில் சேர்த்தது. லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் ஜேன் கிரே (1553இல் சில நாள் மட்டும் இங்கிலாந்து அரசியாக இருந்தவர்) எனப்பட்ட படம் ஒன்று, இன்று எட்டாம் ஹென்றியின் கடைசி மனைவி கேத்தரின் பாருடையது என்று அடையாளம் காணப்பட்டிருக்கிறது. படத்தில் இருப்பவரின் மார்பில் இருந்த கிரீட வடிவ நகை, கேத்தரினின் நகைப் பட்டியலோடு பொருந்தியது. அருமையான துப்பறிதல் அது! முக ஒற்றுமையைக் கடைசியில் மட்டும், உறுதியான வேறொரு படத்தோடு ஒப்பிடுங்கள்.