செட்டிநாட்டு நிறங்களுக்கு ஏற்ற ஆங்கிலச் சொல்லைத் தேர்வது எப்படி?

ஆத்தங்குடித் தரைக்கல்லையும் கண்டாங்கிச் சேலையையும் வெளிநாட்டு விருந்தினருக்கு விளக்குவோர் பலர், பளபளப்பது எதுவானாலும் ‘ஷைனிங்’ என்றும், சிவந்தது எதுவானாலும் ‘ரெட்’ என்றும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அந்தச் சொற்கள் பிறந்த கதையை அறிந்திருந்தால், பொருளுக்குப் பொருந்துவதைத் தேர்வது எளிது.

முதலில், ஒளி எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தணலைப் போல உள்ளிருந்து ஒளிர்வது ‘க்ளோ’. துலக்கிய பித்தளைக் குடத்தில் படிந்து மென்மையாகத் திரும்புவது ‘கிளீம்’. நனைந்த முற்றத்தில் மின்னுவது ‘கிளிசன்’. சரவிளக்கில் துணுக்குத் துணுக்காகச் சிதறுவது ‘கிளிட்டர்’. இவை நான்கும் ‘கோல்டு’, ‘யெல்லோ’ ஆகியவையும், ஒளிர்தல் என்னும் பொருளுடைய ஒரே தொல் இந்தோ-ஐரோப்பிய (ஐரோப்பிய, வட இந்திய மொழிகள் பலவற்றின் மூதாதை மொழி) வேரில் கிளைத்தவை என்பது மொழியறிஞர் கருத்து.

ஆத்தங்குடிக் கல்லுக்குத் தனிக் கவனம் தேவை. கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, நிறம் கலந்த சிமெண்டுக் குழம்பை அறை அறையாக ஊற்றி, அச்சை எடுத்தபின் மணலும் சிமெண்டும் இட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். சூளையில் சுடுவதே இல்லை. கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கமே தரையில் மேல்முகமாகிறது, அதன் வழவழப்பும் அங்கே பெற்றதுதான். ஆகவே இதை ‘கிளேஸ்’ என்று சொல்லாதீர்கள்: ‘கிளாஸ்’ என்பதிலிருந்து வந்த அச்சொல், ஓட்டின்மேல் உருக்கிப் படியவைத்த கண்ணாடிப் பூச்சைக் குறிக்கும். ‘ஷீன்’ என்பதே சரி. பழைய ஆங்கிலத்தில் ‘அழகிய’ என்று பொருள்பட்ட அச்சொல் நம் கல்லுக்கு எவ்வளவு பொருத்தம்!

முட்டை வெண்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவருக்கு ‘லஸ்டர்’ போதும்.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கியின் அரக்கு நிறத்தில் சற்றுத் தயங்க வேண்டியிருக்கும். நம் சொல், பூச்சி தரும் அரக்கிலிருந்து வந்தது. ‘கிரிம்சன்’ என்பதும் சாயம் தரும் கெர்மிஸ் பூச்சியின் அரபுப் பெயரில் பிறந்தது. பிறப்பு ஒத்திருந்தாலும், கிரிம்சன் இன்று சற்றே நீலம் கலந்த அடர்சிவப்பு. பழுப்போடிய அரக்குக்கு, பிரெஞ்சில் ‘செஸ்ட்நட்’ கொட்டையைக் குறிக்கும் சொல்லில் தோன்றிய ‘மெரூன்’தான் நெருக்கமானது. பிறப்பு வழிகாட்டும், முடிவைக் கண்தான் சொல்ல வேண்டும்.

‘ஆரஞ்சு’ என்று சொல்லும்போது தயங்காமல் நாரத்தையையும் சொல்லுங்கள். ‘நாரத்தை’யோடு உறவுடைய திராவிட மூலத்திலிருந்து சமஸ்கிருதம், பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பா சென்றதாகக் கருதப்படும் ‘ஆரஞ்சு’ என்னும் பழப்பெயர், ஆங்கிலத்தில் நிறப்பெயரானது 16ஆம் நூற்றாண்டில்தான்.

எந்த நிறத்தையும் குழல்விளக்கின் கீழ் முடிவு செய்யாமல், முற்றத்துப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்தபின் சொல்லை எழுதுங்கள்.