பராமரிப்பு இல்லத்தில் மின்னணுப் பதிவேட்டைத் தொடங்கும் முறை

நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்கு மென்பொருள் வாங்கும் முன், அங்கு வசிப்பவரைப் பற்றிய தகவல் யார் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதை ஒரு தாளில் வரைந்து பார்க்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து அவர் திரும்பி வரும் நாளில்தான் தகவல் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது: அங்கே நிறுத்தப்பட்ட மாத்திரை இங்கே தொடரும், ஒரே மருந்து இரண்டு வணிகப் பெயர்களில் இருமுறை உள்ளே போகும்.

ஆகவே மருந்துப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு மருந்துக்கும் மூலப்பெயர் (வணிகப் பெயர் அல்ல, மருந்துப்பொருளின் பெயர்), அளவு, வேளை ஆகியவற்றோடு அது எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்ற காரணமும் இருக்க வேண்டும்; காரணம் தெரியாத மருந்தை நிறுத்த எவருக்கும் துணிவு வராது. திரும்பி வந்தவரின் பழைய பட்டியலையும் மருத்துவமனை தந்த பட்டியலையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, வேறுபடும் ஒவ்வொன்றுக்கும் மருத்துவரின் முடிவைப் பெற்ற பிறகே புதிய பட்டியலைப் பதிவேற்றுங்கள். மருந்து கொடுத்ததையும், அவர் மறுத்திருந்தால் அதையும், படுக்கையருகிலேயே கைக்கருவியில் பதிய வேண்டும். பணி முடியும் நேரத்தில் நினைவிலிருந்து மொத்தமாக நிரப்பப்படும் பதிவேடு, கணினியில் இருந்தாலும், பழைய நோட்டுப் புத்தகத்தைவிட மேலானது அன்று.

அடுத்ததாக உடல் எடை, விழுதல், தோலின் நிலை ஆகிய மூன்றைச் சேர்க்கலாம். ஒரு மாதத்தில் 5 சதவீதமோ ஆறு மாதங்களில் 10 சதவீதமோ எடை குறைந்தால் கவனிக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோல்; 60 கிலோ எடையுள்ளவர் ஒரு மாதத்தில் 3 கிலோ இழப்பது, தனித்தனித் தாள்களில் கண்ணுக்குப் படாமல் போகலாம், வரைபடத்தில் உடனே தெரியும். படுக்கைப்புண் அபாயத்துக்கு 6 முதல் 23 வரை மதிப்பெண் தரும் பிரேடன் அளவுகோல் உண்டு; மதிப்பெண் குறையக் குறைய அபாயம் கூடும்.

படுக்கை உணரி, ஒருவர் எழுந்துவிட்டார் என்று ஒலியெழுப்பிச் சொல்லுமே தவிர, அவரைத் தாங்கிப் பிடிக்காது. எல்லோருக்கும் ஒரே அமைப்பை வைத்தால் ஓயாத ஒலியில் பணியாளர்கள் அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவார்கள். ஒவ்வொருவரின் நடமாட்டத்துக்கும் ஏற்ப அதை மாற்றியமையுங்கள்.

பொதுக் கடவுச்சொல் வேண்டவே வேண்டாம். யார் எதைப் பதிந்தார் என்பது பிறகு தெரியாமல் போய்விடும். மின்சாரமோ இணையமோ நின்றால் பயன்படுத்த, அன்றன்றைய மருந்துப் பட்டியலின் அச்சுப் பிரதி செவிலியர் மேசையில் இருக்கட்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், மருத்துவமனைகளோடு தகவல் பரிமாற எஃப்.எச்.ஐ.ஆர். (FHIR) என்ற மருத்துவத் தகவல் பரிமாற்றத் தரநிலையை அந்த மென்பொருள் ஏற்கிறதா, ஒப்பந்தம் முடிந்தால் பதிவுகள் முழுவதும் எந்த வடிவில் திரும்பக் கிடைக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள்.