இலை விழ எத்தனை நொடி: ஜாம் பாட்டிலில் ஒரு நிலைமின்காட்டி

மரக்குச்சி மின்சாரத்தைக் கடத்துமா? மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அதில் வைத்துப் பாருங்கள்: மின்தடை அளவைத் தாண்டிவிட்டது என்றே காட்டும். நிலைமின்காட்டி என்பது மின்னூட்டம் இருக்கிறதா என்று காட்டும் கருவி: அதில் தொங்கும் இரண்டு மெல்லிய உலோகப் பட்டைகள், அதாவது ‘இலைகள்’, மின்னூட்டம் ஏறினால் ஒன்றையொன்று தள்ளி விரியும். மின்னூட்டம் ஏற்றிய நிலைமின்காட்டியை அதே குச்சியால் தொட்டால், விரிந்து நின்ற இலைகள் சட்டென்று விழுந்துவிடும். இரண்டு கருவிகளும் சரியாகத்தான் சொல்கின்றன. மின்னூட்டம் எவ்வளவு, எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கடத்திக்கும் காப்பானுக்கும் நடுவிலுள்ள கோடு நகரும். அந்த நேரத்தை வீட்டிலேயே அளக்கலாம்.

வாயகன்ற கண்ணாடிப் பாட்டில் ஒன்று வேண்டும். உள்விட்டம் 8 செ.மீ.க்குக் குறைந்தால் இலைகள் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூடி பிளாஸ்டிக்காக இருக்கட்டும். 2 மி.மீ. தடிமனுள்ள செம்புக் கம்பியில் 20 செ.மீ. வெட்டி, எனாமல் பூச்சு இருந்தால் உப்புத்தாளால் தேய்த்து நீக்குங்கள். அடிமுனையை 1 செ.மீ. கொக்கியாக வளையுங்கள். சாப்பாடு பொதியும் அலுமினியத் தாளில் 4 செ.மீ. நீளம், 8 மி.மீ. அகலத்தில் இரண்டு பட்டைகள் வெட்டி, நகத்தால் நீவிச் சுருக்கம் எடுங்கள். மேல்முனையில் கம்பியைவிடச் சற்றே பெரிய துளையிட்டு இரண்டையும் கொக்கியில் தளர்வாகத் தொங்கவிடுங்கள். பசையோ செல்லோ டேப்போ கூடாது. ஓர் இலையின் எடை ஏறத்தாழ 10 மில்லிகிராம்தான். பசையின் விறைப்பே அதை அசையவிடாது.

காலி பால்பாயிண்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழலில் 4 செ.மீ. வெட்டி, மூடியின் நடுத்துளையில் செருகி, அதற்குள் கம்பியை விடுங்கள். இடைவெளியை உருகிய மெழுகுவத்தி மெழுகால் நிரப்புங்கள். பாரஃபின் மெழுகு மிக நல்ல காப்பான். கம்பியின் மேல்முனையில் அலுமினியத் தாளை 3 செ.மீ. உருண்டையாக அழுத்திப் பொருத்துங்கள். உருண்டையில் கூர்முனை எதுவும் துருத்தக் கூடாது. உலோகத்தின் கூரான இடத்தில் மின்னூட்டம் நெருக்கமாகச் சேர்ந்து, அங்குள்ள காற்றை அயனியாக்கிக் கசிந்துவிடும்.

பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் ஈரப்பதம். குழலின் மேல் படியும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலமும் விரல் வியர்வையின் உப்பும் சேர்ந்தால் அதுவே ஒரு கடத்திப் பாதை. சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஏசி அறையில் செய்யுங்கள். அல்லது ஹேர் டிரையரால் மூடியையும் குழலையும் 2 நிமிடம் மிதமாக உலர்த்துங்கள், மெழுகு இளகிவிடாமல். பாட்டிலுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடலாம்.

இனி மின்னூட்டம். 30 செ.மீ. பிவிசி குழாயை உலர்ந்த கம்பளித் துணியால் தேய்த்தால் குழாயில் எதிர் மின்னூட்டம் சேரும். குழாயின் ஒரு புள்ளியை மட்டும் உருண்டையில் தொட்டுவிட்டு, வேலை செய்யவில்லை என்று பலரும் கைவிடுகிறார்கள். காப்பானில் மின்னூட்டம் தேய்த்த இடத்திலேயே கிடக்கும். தொட்ட புள்ளிக்கு ஓடிவராது. குழாயை உருண்டையின் மேல் நீளவாக்கில் உருட்டி இழுங்கள்.

இதைவிட நம்பகமான வழி மின்தூண்டல். தேய்த்த குழாயை உருண்டைக்கு 5 செ.மீ. அருகில் கொண்டுவந்தால் உலோகத்தின் கட்டற்ற எலக்ட்ரான்கள் இலைப் பக்கம் தள்ளப்படும், இலைகள் விரியும். குழாயை அப்படியே வைத்துக்கொண்டு உருண்டையை விரலால் தொடுங்கள். எலக்ட்ரான்கள் உடல் வழியே வெளியேற, இலைகள் விழும். முதலில் விரலை எடுங்கள், பிறகு குழாயை விலக்குங்கள். வரிசை மாறினால் எலக்ட்ரான்கள் திரும்பி வந்துவிடும், மிச்சம் எதுவும் இருக்காது. சரியாகச் செய்தால் இலைகள் மறுபடி விரியும். இப்போது அங்கே இருப்பது நேர் மின்னூட்டம். குழாயை மெல்ல அருகில் கொண்டுவந்தால் இலைகள் குவிவதே அதற்குச் சான்று. மிக நெருக்கிவிட்டால் குவிந்த இலைகள் திரும்ப விரியும் என்பதால் முதல் அசைவை மட்டும் நம்புங்கள்.

சோதனைப் பொருளின் ஒரு முனையைக் கையில் பிடித்து மறுமுனையால் உருண்டையைத் தொட்டு, இலை விழும் நொடிகளை எண்ணுங்கள். எஃகுக் கரண்டி, பென்சில் கரி: உடனே. மரம், காகிதம், பருத்தி நூல் ஆகியவையும் பெரும்பாலும் உடனே அல்லது சில நொடிகளில். பாலித்தீன், தெர்மோகோல், மெழுகு: உலர்ந்த நாளில் நிமிடக்கணக்கில் நிற்கும். ஆனால் பிளாஸ்டிக் எடுக்கும்போதே தேய்ந்து மின்னேற்றம் பெற்றிருக்கலாம். மின்னூட்டமில்லாத கருவியின் அருகே முதலில் காட்டுங்கள். இலை அசைந்தால் அந்தப் பொருளை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள்.

காரணம் கணக்கில் இருக்கிறது. இந்தக் கருவியின் மின்தேக்குத்திறன் 5 பிகோஃபாரட் அளவில்தான். 2,000 வோல்ட்டுக்கு ஏறினாலும் அதிலுள்ள மின்னூட்டம் 10 நானோகூலும். 10,000 கோடி ஓம் மின்தடை வழியாகக்கூட இது அரை நொடியில் பெருமளவு வடிந்துவிடும். சாதாரண மல்டிமீட்டரோ சில கோடி ஓம்களிலேயே கைவிரித்துவிடும். ஆகவே இலை விழ 5 நொடி ஆனால், மின்தடை ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ஓம் என்று கொள்ளலாம். வீட்டு மின்சாரத்தை மட்டும் இதில் எந்த வகையிலும் இணைக்காதீர்கள்.

கண்ணாடிக் கோலைத் தனியாகச் சோதியுங்கள். ஈரமான நாளில் இலையை விழச் செய்யும் அதே கோலை டிரையரால் சூடாக்கி உடனே தொட்டால் இலை அப்படியே நிற்கும். கடத்தியது கண்ணாடியின் மேலிருந்த நீர்ப்படலம்.