இரணைமடுப் படங்கள் சப்பென்று வந்ததை நான் திருத்திய விதம்

கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் நின்று நான் எடுத்த முதல் ஐம்பது அறுபது படமும் ஒரே மாதிரித்தான்: நடுவில் அடிவானக் கோடு, மேலே வெளிறிப்போன வானம், கீழே வெறும் தண்ணீர். நேரில் மனதை அள்ளுகிற இடம் போனில் ஏன் இப்படி வருகிறது என்று உண்மையாகவே கவலைப்பட்டேன்.

முதலில் கமரா செட்டிங்ஸில் கிரிட் கோடுகளை, அதாவது திரையை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்துக் காட்டும் கோடுகளை, போட்டேன். முகில் வடிவாக இருந்தால் அடிவானத்தைக் கீழ்க்கோட்டில் வைப்பேன், வானம் தண்ணீரில் தெளிவாகத் தெரிந்தால் மேல்கோட்டில். அப்புறம் கட்டிலிருந்து இறங்கி, கரையில் குந்தியிருந்து, காய்ந்த மரக்கொப்பு ஒன்றை முன்னுக்கு வைத்து எடுத்தேன். அந்தக் கொப்பு வந்த பிறகுதான் குளம் எவ்வளவு பெரிது என்பதே படத்தில் தெரிந்தது.

மதிய வெயிலை விட்டுவிட்டுப் பின்னேரம் 5.30க்குப் போகத் தொடங்கினேன். குளக்கட்டில் தெற்குப் பார்த்து நின்றால் சூரியன் வலப்பக்கம், வெளிச்சம் சாய்ந்து விழும், அலைகள் தனித்தனியாகத் தெரியும். திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுங்கள், ஏனென்றால் இருட்டான கரையை எடிட்டிங்கில் ஓரளவு மீட்கலாம், வெறும் வெள்ளையாகிவிட்ட வானத்தை மீட்கவே ஏலாது.

எடிட்டிங் ஸ்னாப்சீட் என்ற போன் செயலியில், ஐந்து நிமிடம். சாய்ந்த கோட்டை நிமிர்த்தி, ஹைலைட்ஸை (வெளிச்சமான பகுதிகளை) குறைத்து, ஷாடோஸை (இருட்டான பகுதிகளை) கொஞ்சம் ஏற்றுவேன், அவ்வளவுதான். நிறத்தின் அழுத்தத்தைக் கூட்டும் சச்சுரேஷனில் 10க்கு மேல் போவதில்லை, போனால் வயலுக்குப் பெயின்ற் அடித்த மாதிரி ஆகிவிடுகிறது.

இப்போது பரந்தன் வயல்களிலும் இதைத்தான் செய்கிறேன். வரம்பைப் படத்தின் மூலையிலிருந்து தொடங்கவிட்டால் கண் தானாகவே தூரத்துப் பனைகள்வரை போகிறது.