புவிவெப்பக் கிணற்றுச் சில்லுகளில் உலோகக் கனிமங்களை இனம் காண்பது எப்படி?

நிலத்தடி வெந்நீருக்கும் நீராவிக்கும் புவிவெப்பக் கிணறு தோண்டும்போது மேலே வரும் கல்சில்லுகளில் மஞ்சளாக மின்னுவது பெரும்பாலும் பைரைட்தான். வெந்நீரிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு பாறையின் இரும்போடு சேர்ந்தால் அதுதான் உருவாகும். அதற்காக மின்னுவதையெல்லாம் பைரைட் என்று எழுதிவிடாதீர்கள்.

1. கழுவுதல். சேறு போக அலசி, 1 முதல் 3 மி.மீ. சில்லுகளைச் சலித்தெடுங்கள். அடுப்புச் சூட்டில் உலர்த்தினால் சல்ஃபைடுகள் (கந்தகம் சேர்ந்த உலோகக் கனிமங்கள்) நிறம் மாறும், காற்றில் உலரட்டும். கால்சைட்டை (சுண்ணாம்புக் கனிமம்) நீக்க அமிலம் ஊற்றுவதாக இருந்தால் தனியாக ஒரு பிடி எடுத்துக்கொள்ளுங்கள். பிர்ரோடைட் (இன்னொரு இரும்பு சல்ஃபைடு), ஸ்பாலரைட் (துத்தநாக சல்ஃபைடு), கலீனா (ஈய சல்ஃபைடு) மூன்றையும் அமிலம் அரிக்கும். வெளிவரும் வாயு நஞ்சு.

2. காந்தம். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய காந்தத்தைச் சில்லுகள்மேல் ஓட்டுங்கள். மேக்னடைட் (இரும்பு ஆக்சைடு), பிர்ரோடைட்டோடு துளைக்கருவியின் எஃகுச் சீவல்களும் ஒட்டும். புதியவர்கள் ஏமாறும் இடம் இது. ஊசியால் அழுத்துங்கள்: எஃகு வளையும், கனிமம் நொறுங்கும். மேக்னடைட் கறுப்பு, பிர்ரோடைட் வெண்கல நிறம். பிர்ரோடைட்டில் ஒரு வகை காந்தத்தில் ஒட்டாது; ஆகவே ஒட்டாததை உடனே ஒதுக்க வேண்டாம். நியூசிலாந்தின் ஓஹாக்கி வயலில், நீர் எளிதில் ஊடுருவாத பாறைகளில்தான் பிர்ரோடைட் அதிகம். எனவே அதைத் தவறவிட்டால் ஊடுருவலைப் பற்றிய துப்பும் போய்விடும்.

3. ஊசி. பைரைட்டா, சால்கோபைரைட்டா (செம்பும் இரும்பும் சேர்ந்த சல்ஃபைடு)? நிறத்தை நம்பாதீர்கள், மேற்பரப்பு மங்கினால் இரண்டும் ஒன்றுபோல் தெரியும். சில்லைக் களிமண்ணில் பதித்து (இல்லாவிட்டால் தெறித்துவிடும்) 20 மடங்கு பெருக்கத்தில் எஃகு ஊசியால் கீறுங்கள். பைரைட்டின் கடினத்தன்மை மோஸ் அளவில் 6 முதல் 6.5, கீறல் விழாது. சால்கோபைரைட் 3.5 முதல் 4, கரும்பச்சைத் தூள் உதிரும். கலீனா ஈயச் சாம்பல் நிறத்தில் கனசதுரமாகப் பிளக்கும். ஸ்பாலரைட் பிசின்போல் பளபளக்கும், தூள் வெளிர் பழுப்பு.

கனமான துகள்களைப் பிரிக்கப் புரோமோஃபார்ம் என்ற கனத்த திரவம் தேவையே இல்லை. அது நஞ்சு, தட்டில் நீரோடு அலசினாலே போதும்.

4. ஆழம். சில்லு மேலே வர நேரமாகும், ஆகவே கையிலிருப்பது சற்று முன்பு துளைத்த ஆழத்தினுடையது. 12¼ அங்குலத் துளை, 5 அங்குலக் குழாய் என்றால் துளைச் சுவருக்கும் குழாய்க்கும் இடையிலான இடைவெளி 1000 மீட்டருக்குச் சுமார் 63 கன மீட்டர். பம்பு நிமிடத்துக்கு 2 கன மீட்டர் துளைச்சேற்றைத் தள்ளினால், 1000 மீட்டர் ஆழத்துச் சில்லுக்குத் தாமதம் ஏறக்குறைய 32 நிமிடம். சுவர் இடிந்து துளை அகன்றிருந்தால் இன்னும் கூடும்.

ஆய்வகம் ஈயமும் துத்தநாகமும் ஏராளம் என்கிறது, நுண்ணோக்கியில் கலீனாவும் ஸ்பாலரைட்டும் இல்லை என்றால், குழாய் மரையில் பூசும் கிரீஸைச் சந்தேகியுங்கள். அந்த உலோகங்களைக் கலந்த கிரீஸ்கள் உண்டு.